தெருவுக்கு அடியில் ஒரு நகரம்
ரொடோல்போ லாஞ்சானியின் வாழ்க்கை



உங்கள் வீட்டு வாசலில் குழாய் பதிப்பதற்காகத் தெருவைத் தோண்டினால் என்ன செய்வீர்கள்? இந்தப் புழுதி எப்போது தீருமோ என்று முணுமுணுப்பீர்கள். பள்ளத்தை மூடியதும் அதை மறந்தும் விடுவீர்கள். உரோமாபுரியிலே ஒரு மனிதர் இருந்தார். எந்தத் தெருவில் கடப்பாரைச் சத்தம் கேட்டாலும் அங்கே போய் நிற்பார். வெளிப்பட்ட சுவரை அளப்பார், வரைந்துகொள்வார், தேதியோடு குறித்து வைப்பார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் இந்த ஆராய்ச்சியிலேயே வாழ்ந்தார். ரொடோல்போ லாஞ்சானி என்ற அந்த அறிஞரின் வாழ்க்கையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

லாஞ்சானி 1845-ம் ஆண்டு பிறந்தார். அவர் கற்றது எஞ்சினீயர் படிப்பு. ஆனால் புதுக் கட்டடங்களைவிடப் பழைய சுவர்களே அவர் மனத்தைக் கவர்ந்தன. உரோமையின் பழைய துறைமுகமாகிய போர்த்துஸின் இடிபாடுகளைப் பற்றி 1868-ல் நூல் வெளியிட்டபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. ஆதிக் கிறிஸ்தவர்களின் சுரங்கக் கல்லறைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற தெ ரோஸி என்பவரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டார்.

ஒரு நகரம் எப்படி மண்ணுக்குள் போகும் என்று கேட்பீர்கள். தீயாலும் வெள்ளத்தாலும் வீடுகள் விழும். விழுந்ததை அள்ளி அப்புறப்படுத்தாமல், அதன்மேலேயே புது வீடு கட்டுவார்கள். இப்படி நூற்றாண்டுதோறும் தரைமட்டம் உயரும். உரோமையிலுள்ள அர்ச். கிளமெந்து ஆலயத்தைப் பாருங்கள். மேலே இருப்பது 12-ம் நூற்றாண்டுக் கோவில். 1857-ல் முல்லூலி என்ற ஐரிஷ் தொமினிக்கன் சபைக் குருவானவர் அதன் கீழே தோண்டத் தொடங்கி, 4-ம் நூற்றாண்டுக் கோவிலைக் கண்டார். அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள் இருக்கின்றன!

1871-ல் உரோமை, இத்தாலி இராச்சியத்தின் தலைநகரமாயிற்று. சுமார் 2 லட்சம் பேர் வாழ்ந்த ஊர், 1901-க்குள் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களுக்கெல்லாம் வீடு வேண்டும், வீதி வேண்டும், சாக்கடை வேண்டும். குன்றுகளை வெட்டினார்கள், தோட்டங்களை அழித்தார்கள். வெட்டிய இடமெல்லாம் பழைய சுவர், சித்திரத் தளம், சலவைக்கல் தூண்! 1872-ல் நகரசபை தொல்பொருள் குழு ஒன்றை அமைத்தது. லாஞ்சானி அதன் காரியதரிசியானார்.

சிலையும் நாணயமும் கிடைத்தால் தூக்கிக்கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தலாம். வீட்டுச் சுவரை எங்கே தூக்கிக்கொண்டு போவது? பற்பல கட்டடங்கள் வெளிச்சம் கண்ட சில நாட்களிலேயே உடைபட்டுப் போயின. கட்டுகிறவர்கள் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. ஜனங்களுக்கு வீடு வேண்டும் என்பதும் பொய்யல்ல. தடுக்க முடியாத இந்த நஷ்டத்தைக் கண்டு லாஞ்சானி வருந்தினார். ஆனால் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. காப்பாற்ற முடியாததை, காகிதத்திலாவது காப்பாற்றுவோம் என்று உழைத்தார்.

அவர் கண்ட காட்சிகளில் இரண்டைச் சொல்கிறேன். 1885-ல் குயிரினால் குன்றின் சரிவில், நத்சியோனாலே வீதிக்கு அருகே அஸ்திவாரம் தோண்டும்போது, குத்துச்சண்டை வீரன் ஒருவனின் வெண்கலச் சிலை அகப்பட்டது. களைத்து உட்கார்ந்திருக்கும் அவன் முகத்திலே காயங்கள்கூடத் தெரிகின்றன. யாரோ பழங்காலத்தில் அச்சிலையைக் கவனமாக உட்கார வைத்து, சலித்த மண்ணால் மூடியிருந்தார்கள். 1889 மே மாதம், நீதிமன்ற மாளிகைக்கு அஸ்திவாரம் வெட்டிய இடத்தில், கிரெப்பெரேயா திரிப்பேனா என்ற இளம் பெண்ணின் கற்பெட்டி கிடைத்தது. மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. நீர்ப்பாசியின் இழைகள் மண்டையோட்டில் ஒட்டி, கூந்தல்போல் அசைந்தன. பக்கத்திலே, கைகால் மடங்கக்கூடிய தந்தப் பொம்மை ஒன்று இருந்தது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டார் கண்ணீரோடு வைத்த பொம்மை! கூடிநின்ற ஜனங்கள் மனம் கசிந்ததில் வியப்பென்ன?

இப்படிச் சேர்த்த குறிப்புகளையெல்லாம் கொண்டு, லாஞ்சானி உரோமையின் மாபெரும் படம் ஒன்றை வரைந்தார். 1893 முதல் 1901 வரை அது 46 தாள்களாக வெளிவந்தது. தரையில் 1,000 அடி, படத்தில் 1 அடி. பழங்காலக் கட்டடங்கள் கறுப்புக் கோட்டில். பிற்காலத்தவை வேறு நிறங்களில். இன்று நீங்கள் நடக்கும் தெருவையும், அதன் கீழே புதைந்த அறையையும் ஒரே தாளில் காணலாம். பிற்காலத்தார் சில இடங்களைத் திருத்தியிருக்கிறார்கள். என்றாலும், உடைபட்டுப்போன எத்தனையோ சுவர்களுக்கு லாஞ்சானியின் பதிவே இன்று நமக்குச் சாட்சி. அவர் குறிப்பேடுகளில் பல வத்திக்கான் நூல் நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1929-ல் அவர் காலமானார்.

அந்த வேலை அவரோடு முடிந்துவிடவில்லை. 2016-ல் உரோமையில் சுரங்க இரயில் நிலையம் ஒன்றிற்காகத் தோண்டுகையில், தெருவுக்கு 9 மீட்டர் கீழே 39 அறைகள் கொண்ட போர்வீரர் குடியிருப்பு வெளிப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. இப்போது உடைத்தெறிகிற வழக்கமில்லை. அளந்து, எழுதி, காக்கிறார்கள். அந்தப் பாடத்தைக் கற்பித்தவர்களில் லாஞ்சானியும் ஒருவர்.

பங்கு மக்களே, திருமணத்துக்குப் பெயர் கொடுக்க வரும் பிள்ளைகள் சிலர், பாட்டனார் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். நம் வீட்டிலும் நாள்தோறும் ஒரு சுவர் இடிகிறது. பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போகிறார்கள். அவர்கள் அறிந்த பெயர்களும் செய்திகளும் அவர்களோடு போகின்றன. அதைத் தடுக்க நம்மால் இயலாது. எழுதி வைக்க இயலும். இன்று சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.