வாசலில் குவிந்த பூக்கள்!

குட்டீஸ்... முதலில் ஒரு சின்ன விளையாட்டு! காலால் தரையை இரண்டு முறை தட்டுங்கள். உடனே ஒரு முறை கை தட்டுங்கள். டம்... டம்... டப்! நிறுத்தாமல் தட்டிக் கொண்டே இருங்கள். எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா?

விளையாட்டு மைதானங்களில், ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகச் சேர்ந்து தட்டும் தாளம் தான் அது. அதை உலகுக்குத் தந்தது, இங்கிலாந்தைச் சேர்ந்த, 'குயின்' என்ற ராக் இசைக்குழு. அந்தக் குழுவின் பாடகர், பிரெடி மெர்க்குரி.

மைதானம் நிறைந்த கூட்டத்தைத் தன் குரலால் கட்டிப் போட்டவர் அவர். ஆனால், மேடையை விட்டு இறங்கினால், பெரும் கூச்சக்காரர். சிரிக்கும் போது, பற்கள் தெரியாமல் வாயை மூடிக் கொள்வார். ஏன் தெரியுமா? அவரது கதையைக் கேளுங்கள்.

ஆப்ரிக்காவின் கிழக்கே, கடலில் உள்ள தீவு, சான்சிபார். அங்கு, 1946, செப்டம்பர் 5ல் பிறந்தான், ஃபரோக் புல்சாரா. குஜராத்தை பூர்வீகமாகக் கொண்ட பார்சி குடும்பம். அப்பா, பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளராக இருந்தார்.

எட்டு வயதில், அவனைப் படிப்பதற்காகக் கப்பலில் அனுப்பி வைத்தனர். எங்கே தெரியுமா... நம் இந்தியாவுக்குத் தான்! மகாராஷ்டிரா மாநிலம், பஞ்ச்கனி என்ற மலை ஊரில் உள்ள, செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் சேர்ந்தான். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தால், மலை இறங்கி, கடலையும் தாண்ட வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என, நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. அவன் வாயில், பின்பக்கம், வழக்கத்தை விட நான்கு பற்கள் கூடுதலாக இருந்தன. அவை நெருக்கியதால், முன்பற்கள் துருத்திக் கொண்டன. உடன் படித்தவர்கள் சும்மா இருப்பரா? எத்துப்பல்லைக் கேலி செய்யும் ஆங்கிலப் பட்டப்பெயரான, 'பக்கி' என்பதையே அவனுக்குச் சூட்டி விட்டனர்.

ஆனால், பியானோ முன் அமர்ந்து விட்டால், அவன் வேறு பையன். ரேடியோவில் கேட்ட பாட்டை, அப்படியே வாசித்துக் காட்டுவான். கேலி செய்தவர்களும் வாயடைத்து நிற்பர். நான்கு நண்பர்களோடு சேர்ந்து, 'தி ஹெக்டிக்ஸ்' என்ற இசைக்குழுவைப் பள்ளியிலேயே துவங்கினான். ஃபரோக், எல்லாருக்கும், 'பிரெடி' ஆனதும் அங்கே தான்.

இந்தியாவில் இருந்து, சான்சிபார் திரும்பிய பின், பேரிடி காத்திருந்தது. 1964, ஜனவரியில் அங்கு புரட்சி வெடித்தது, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பிரெடியின் குடும்பம், வீடு வாசலை விட்டு, உயிர் பிழைக்க இங்கிலாந்துக்குச் சென்றது. அப்போது பிரெடிக்கு, 17 வயது.

புது நாடு, கையில் காசு இல்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை பார்த்தார். ஓவியக் கல்லூரியிலும் சேர்ந்து படித்தார். அங்கே கிடைத்த நண்பர் மூலம், இருவர் அறிமுகம் ஆயினர். ஒருவர், பிரையன் மே. பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தை இழைத்து, தன் அப்பாவோடு சேர்ந்து, சொந்தமாகக் கிட்டார் செய்தவர். இன்னொருவர், டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர்.

மூவரும், 1970ல் ஒன்று சேர்ந்தனர். 'குயின்' என்று பெயர் வைத்தது, பிரெடி தான். புல்சாரா என்ற தன் குடும்பப் பெயரையும், மெர்க்குரி என்று மாற்றிக் கொண்டார். புதன் கோளுக்கு ஆங்கிலத்தில் அது தானே பெயர்! அடுத்த ஆண்டு, ஜான் டீக்கன் சேர்ந்ததும், நால்வர் குழு ஆனது.

அவர்களது, 'பொஹிமியன் ராப்சடி' பாடல், 1975ல் வெளியானது. அது கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு. இவ்வளவு நீளமானதை ரேடியோவில் ஒலிபரப்ப மாட்டார்கள் என, பலரும் பயமுறுத்தினர். ஒரு வரியைக் கூட வெட்ட சம்மதிக்கவில்லை பிரெடி. அந்தப் பாட்டு, இங்கிலாந்தில், தொடர்ந்து ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

பணமும், புகழும் வந்த பின், பற்களைச் சரி செய்திருக்கலாமே என்று தோன்றுகிறதா? வாயின் அமைப்பு மாறினால், குரலும் மாறி விடுமோ எனப் பயந்தார். அதனால், கேலிக்கு ஆளான அந்தப் பற்களோடே, உலகமெல்லாம் பாடினார்.

சரி... முதலில் விளையாடினோமே, அந்தத் தாளம் எப்படிப் பிறந்தது? 1977ல், ஒரு நிகழ்ச்சி முடிந்த பின்னும் ரசிகர்கள் கலையவில்லை. குழு மேடையை விட்டு இறங்கியும், தாங்களாகவே சேர்ந்து பாடிக் கொண்டிருந்தனர். ரசிகர்களும் சேர்ந்து பாடுவதற்கென்றே ஒரு பாட்டு வேண்டும் என, பிரையன் மேவுக்குத் தோன்றியது. கூட்ட நெரிசலில் நிற்பவரால் என்ன செய்ய முடியும்? கால் தட்டலாம், கை தட்டலாம். அவ்வளவு தான்... 'வி வில் ராக் யூ' பாட்டு பிறந்தது. பாட்டு பாடத் தெரியாதவரும், கூச்சப்படுபவரும் கூட அதில் சேர்ந்து கொள்ளலாமே!

எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு நிதி திரட்ட, 1985, ஜூலை 13ல், லண்டன் வெம்பிளி மைதானத்தில் பெரும் இசை விழா நடந்தது. குயின் குழுவுக்குக் கிடைத்தது, சுமார், 20 நிமிடம். பிரெடி ஒரு ராகத்தை இழுக்க, 72 ஆயிரம் பேரும் அதையே திருப்பிப் பாடினர். அவர்கள் ஒன்றாகக் கை தட்டிய காட்சியை இன்றும் பார்த்து வியக்கின்றனர்.

இதன் பின் வந்தது தான், துயரமான பகுதி.

எச்.ஐ.வி., என்ற கிருமி, தன் உடலில் இருப்பதை, 1987ல் அறிந்தார், பிரெடி. நோயை எதிர்க்கும் உடலின் சக்தியை மெல்ல மெல்ல அழித்து, எய்ட்ஸ் என்ற நிலைக்குக் கொண்டு போகும் கிருமி அது. அப்போது, அதைக் கட்டுப்படுத்த நல்ல மருந்து இல்லை. அதை விடக் கொடுமை, மக்களிடம் இருந்த பயம். தொட்டால் ஒட்டிக் கொள்ளும் என நினைத்து, நோயாளிகளை ஒதுக்கினர். அதே ஆண்டு, இளவரசி டயானா, கையுறை இல்லாமல், எய்ட்ஸ் நோயாளி ஒருவரோடு கை குலுக்கியது, உலகச் செய்தி ஆனது. கை குலுக்குவதே செய்தி ஆகும் காலம் என்றால், பார்த்துக் கொள்ளுங்களேன்!

பிரெடி, நெருங்கியவர்கள் தவிர, யாரிடமும் சொல்லவில்லை. உடல் மெலிந்தது; நடக்கவே சிரமப்பட்டார். ஆனாலும், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், முடிந்த நாட்களில் எல்லாம் பாடிப் பதிவு செய்தார்.

தனக்கு எய்ட்ஸ் இருப்பதை, 1991, நவம்பர் 23ல், உலகுக்கு அறிவித்தார். மறுநாள் மாலை இறந்து போனார். வயது, 45 தான்.

ரசிகர்கள் திகைத்து நின்றனர். நோய் என்று அறிந்து ஒரு நாள் தான் ஆகியிருந்தது; அதற்குள் ஆளே இல்லை! லண்டன், கென்சிங்டனில் உள்ள அவரது வீட்டு வாசலில் கூடினர். பூங்கொத்துகள் குவிந்தன. அழுது கொண்டே, அவரது பாட்டைப் பாடியவர்களும் உண்டு. பார்சி முறைப்படி சடங்குகள் நடந்த பின், அவரது உடல், மிகச் சிலர் முன்னிலையில் தகனம் செய்யப்பட்டது. அஸ்தி எங்கே என்பது இன்றும் ரகசியம்.

கல்லறையே இல்லாவிட்டால், அன்பைச் சொல்ல எங்கே போவது? வீட்டு மதில் சுவரையே கல்லறையாக்கினர், ரசிகர்கள். பல நாடுகளில் இருந்து வந்து, பல ஆண்டுகள், அந்தச் சுவரில் கடிதங்கள் எழுதி வைத்தனர். தனிமையிலும், நோயிலும், கேலியால் நொந்து போன நாட்களிலும், அவரது பாட்டு தான் தங்களைத் தாங்கியது எனச் சொல்லும் ரசிகர்கள் ஏராளம். தங்களுக்குத் தைரியம் தந்தவர், தன் கஷ்டத்தை வெளியே சொல்லப் பயந்தாரே என்பது தான், அவர்களை அதிகம் வாட்டியது.

அந்தத் துக்கம், கண்ணீரோடு நின்று விடவில்லை. 'பொஹிமியன் ராப்சடி' மீண்டும் வெளியாகி, மறுபடியும் முதலிடம் பிடித்தது. அதன் வருமானம், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளைக்குப் போனது. 1992, ஏப்ரல் 20ல், அதே வெம்பிளி மைதானத்தில் அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. யார் யார் பாடுவர் என்று அறிவிக்கும் முன்பே, 72 ஆயிரம் டிக்கெட்டுகளும் சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பணத்தில் உருவானது தான், 'மெர்க்குரி பீனிக்ஸ் டிரஸ்ட்!' எய்ட்ஸ் ஒழிப்புக்காகப் பல நாடுகளில் நடக்கும் பணிகளுக்கு, அது நிதி தந்து வருகிறது.

எச்.ஐ.வி.,யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள், 1996ல் பயனுக்கு வந்தன. இன்று, தவறாமல் மாத்திரை சாப்பிடுபவர்கள், மற்றவர்களைப் போல நீண்ட காலம் வாழ முடிகிறது. தொடுவதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ, அது பரவாது என்பதையும் மறந்து விடாதீர்கள்.

மான்ட்ரோ நகர ஏரிக்கரையில், ஒரு கையை வானம் நோக்கி உயர்த்தியபடி, பிரெடியின் சிலை நிற்கிறது. அதன் காலடியில் ரசிகர்கள் பூ வைக்கின்றனர். வானத்திலும் அவர் பெயர் இருக்கிறது. செவ்வாய்க்கும், வியாழனுக்கும் இடையே சுற்றும் ஒரு சிறுகோளுக்கு, 2016ல் அவர் பெயரைச் சூட்டினர். அதை அறிவித்தவர் யார் தெரியுமா? அடுப்புச் சட்டத்தில் கிட்டார் செய்தாரே, அதே பிரையன் மே! அவர், வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

குட்டீஸ்... உங்கள் வகுப்பிலும், பல்லுக்காகவோ, நிறத்துக்காகவோ, நோய்க்காகவோ, வாயை மூடிக் கொண்டு ஒதுங்கி நிற்கும் ஒருவர் இருக்கலாம். நாளைக்கே அவரை விளையாட்டில் சேர்த்துக் கொள்ளுங்கள். இரண்டு முறை கால் தட்ட வேண்டும். ஒரு முறை கை தட்ட வேண்டும்... சொல்லிக் கொடுப்பீர்கள் தானே!