நாற்காலி எட்டவில்லை, நல்ல காரியம் நின்றது



லயத்து வாசலில் நாலு பேர் கூடினால் அரசியல் பேச்சு வராமல் போகாது. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதுதான் அதில் பாதிப் பேச்சு. ஜெயித்தவர் பேர் நிலைக்கும், தோற்றவர் பேர் மறைந்துபோகும் என்றுதான் நாமும் நினைக்கிறோம். அது எப்போதும் சரியில்லை என்பதற்குக் கனடா நாட்டில் வாழ்ந்த ஒரு பெரியவரின் கதை சாட்சி.

அவர் பேர் பால் மார்ட்டின். (நம்ம பால்மரத்துப் பாலுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை, அது கிறிஸ்தவர்கள் வைக்கிற பேர்.) நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர், மேலவை உறுப்பினர், தூதர் என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பொதுவாழ்வில் இருந்தவர். பிரதமர் நாற்காலி மட்டும் அவருக்குக் கடைசிவரை எட்டவே இல்லை. அவருக்குக் கிடைக்காததை வைத்து எடை போடுவதா, அவர் கொடுத்ததை வைத்து எடை போடுவதா? முழுக் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நோயோடு வளர்ந்த பையன்

1903-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் பால் மார்ட்டின் பிறந்தார். வளர்ந்தது பெம்புரோக் என்ற சின்ன ஊரில். மரம் வெட்டும் தொழில் நடந்த வட்டாரம் அது. வசதியான குடும்பம் இல்லை. நாலு வயது நடந்தபோது, 1907-இல், அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. போலியோ என்று நாம் சொல்லும் அதே நோய்தான். உயிர் பிழைத்தார். ஆனால் நோய் விட்ட தடம் உடம்பில் தங்கிவிட்டது.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால் என்ன, புத்தி இருக்கிறதே! படிப்பைப் பிடித்துக்கொண்டார். டொராண்டோவில் படித்தார். சட்டம் படித்தார். அமெரிக்காவில் ஹார்வர்டு, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்று பெரிய பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போனார். ஜெனீவாவிலும் உலக விவகாரங்களைப் படித்தார். வீட்டில் பிரெஞ்சு, வெளியில் ஆங்கிலம் என்று இரண்டும் சரளமாக வந்தன. இரண்டு மொழிக்காரர்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் நாட்டில் இது பெரிய பலம் அல்லவா?

படிப்பு முடிந்ததும் வின்ட்சர் என்ற ஊரில் வக்கீலாக உட்கார்ந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். இந்தப் பக்கம் வின்ட்சர். இரண்டு கரையிலும் மோட்டார் கார் தொழிற்சாலைகள். 1928-இல் மாநிலச் சட்டமன்ற இடைத்தேர்தலில் நின்று தோற்றிருந்தார். சோர்ந்துவிடவில்லை. 1935-இல் லிபரல் கட்சி சார்பில் எஸ்ஸெக்ஸ் கிழக்குத் தொகுதியில் நின்று ஜெயித்தார். அதற்கப்புறம் 33 ஆண்டுகள் அந்தத் தொகுதி மக்கள் அவரைக் கைவிடவே இல்லை. தொகுதியில் யாரைக் கண்டாலும் கை கொடுத்துப் பேசுவார் என்று பேர் வாங்கியவர்.

99 நாள் வேலைநிறுத்தம்

1945 ஏப்ரலில் மார்ட்டின் அமைச்சரானார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் ஊரிலேயே நெருப்பு பற்றியது. ஃபோர்டு கார் தொழிற்சாலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். யூனியனை முறையாக ஒத்துக்கொள்ள வேண்டும், சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டதில் முக்கியமானது. போலீஸ் வந்தது. தொழிலாளர்கள் சும்மா இருந்தார்களா? தங்கள் கார்களையும் தெருவில் போன வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, தொழிற்சாலையைச் சுற்றி வேலியே போட்டுவிட்டார்கள்!

வேலைநிறுத்தம் 99 நாள் நடந்தது. இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று பேசியவர்களில் மார்ட்டினும் ஒருவர். கடைசியில் விவகாரம் நீதிபதி ஐவன் ரேண்டு கைக்குப் போனது. 1946 ஜனவரியில் அவர் தீர்ப்புச் சொன்னார். யூனியன் வாங்கித் தரும் பலனை எல்லாத் தொழிலாளியும் அனுபவிக்கிறான். ஆகவே, உறுப்பினராகச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எல்லாரிடமும் சந்தா பிடிக்கலாம். அதற்குப் பதிலாக யூனியனும் ஒப்பந்தத்தை மீறித் திடீர் வேலைநிறுத்தத்தை அனுமதிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ரேண்டு முறை என்று பேர் பெற்று, கனடாவில் தொழிற்சங்கங்களுக்கு அதுவே முதுகெலும்பாயிற்று. சந்தா கட்டாமலே சம்பள உயர்வை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஆட்களை நமக்கும் தெரியுமே! ரேண்டு சொன்ன நியாயம் நமக்குப் புரியாமல் போகுமா?

கல்லறையில் பிறந்த சட்டம்

இனி வருவது நம் மக்கள் நெஞ்சில் தைக்கும் செய்தி.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்டு 19-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டு டியெப் கடற்கரையில் கனடா வீரர்கள் சுமார் ஐயாயிரம் பேர் இறங்கினார்கள். ஒரே நாளில் 900-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். வின்ட்சர் வட்டாரத்துப் பையன்கள் நிறைந்த படைப்பிரிவும் அதில் இருந்தது. 1945-இல் மார்ட்டின் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். வரிசையாகக் கல்லறைகள். அவற்றில் இருந்த பேர்களைப் படித்துக்கொண்டே நடந்தார். ஆங்கிலப் பேர், பிரெஞ்சுப் பேர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பேர். எல்லாரும் கனடாவுக்காகச் செத்தவர்கள். ஆனால் சட்டப்படி கனடாப் பிரஜை என்று ஒருவர்கூட இல்லை! ஏனென்றால் அப்படி ஒரு பிரஜாவுரிமையே அப்போது கிடையாது. எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைகள்தாம்.

உயிரைக் கொடுத்தவனுக்கு ஊர்ப் பேர் சொல்ல உரிமை இல்லையா? அந்த எண்ணம் மார்ட்டினை விடவில்லை. ஊர் திரும்பி மசோதா தயாரித்தார். 1946-இல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. 1947 ஜனவரி முதல் தேதி சட்டம் நடப்புக்கு வந்தது. காமன்வெல்த் நாடுகளில் தனக்கென்று தனிப் பிரஜாவுரிமை வைத்துக்கொண்ட முதல் நாடு கனடாதான்.

ஜனவரி 3-ஆம் தேதி ஒட்டாவா உச்ச நீதிமன்றத்தில் விழா நடந்தது. முதல் பத்திரம் பிரதமர் மெக்கன்சி கிங்குக்குப் போனது. அதே மேடையில் வாசில் எலெனியாக் என்ற முதியவருக்கும் கொடுத்தார்கள். 1891-இல் உக்ரேனிலிருந்து முதன்முதலில் கனடாவுக்குப் போன இருவரில் ஒருவர் அவர். மண்ணைக் கொத்திப் பிழைத்த விவசாயி. பிரதமருக்கும் பாட்டாளிக்கும் ஒரே மாதிரிப் பத்திரம்!

ஒரு துண்டுத் தாளுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சிவப்பு ஐ.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய குடும்பங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

குறையையும் சொல்லிவிடுவோம். அந்தச் சட்டம் எல்லா அநியாயத்தையும் துடைத்துவிடவில்லை. நாட்டின் பூர்வகுடி மக்களில் பெரும்பாலோருக்கு, தங்கள் தனி உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை 1960-இல்தான் வந்தது. போர்க்காலத்தில் வீடு வாசலைவிட்டு விரட்டப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினருக்கு 1949 வரை முழு விடுதலை இல்லை. மார்ட்டின் இருந்த அரசாங்கத்தின் காலத்தில்தான் இதுவும் நடந்தது.

கிழவருக்குப் பணம், பிள்ளைக்கு ஊசி

சட்டம் நடப்புக்கு வருமுன்பே, 1946 டிசம்பரில், மார்ட்டினைச் சுகாதார, சமூகநல அமைச்சராக மாற்றிவிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இலாகாவில் இருந்தார்.

அதுவரை கனடாவில் வயசாளிகளுக்குப் பணம் வேண்டுமென்றால், வீட்டில் என்ன இருக்கிறது, வருமானம் எவ்வளவு என்று அதிகாரி வந்து துருவித் துருவிப் பார்ப்பார். தன்மானமுள்ள கிழவருக்கு அது செத்த பிழைப்பு. 1952 ஜனவரியிலிருந்து அந்த நிலை மாறியது. 70 வயது ஆகி, 20 ஆண்டு நாட்டில் குடியிருந்தால் போதும். பணக்காரரோ ஏழையோ, மாதம் 40 கனடா வெள்ளி வீடு தேடி வந்தது. பிச்சை இல்லீங்க, உரிமை! 1957-இல் ஆஸ்பத்திரிச் செலவில் சுமார் பாதியை மத்திய அரசு ஏற்கும் சட்டமும் அவர் கையால் வந்தது.

ஆனால் அவர் வாழ்க்கையில் மிகப் பெரிய சோதனை 1955-இல் வந்தது.

தன்னைத் தாக்கிய அதே இளம்பிள்ளை வாதம், 1946-இல் எட்டு வயது மகன் பாலையும் தாக்கியது. மகனுக்கும் அப்பா பேர்தான். பையன் பிழைத்துக்கொண்டான். 1953-இல் அந்த நோய் கனடாவில் சுமார் ஒன்பதாயிரம் பேரைப் பிடித்தது. ஏறக்குறைய 500 பேர் இறந்தார்கள். கோடைக்காலம் வந்தாலே தாய்மார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். 1955 ஏப்ரலில் அமெரிக்க டாக்டர் ஜோனஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பலிக்கிறது என்ற நல்ல செய்தி வந்தது. இரண்டு நாடுகளிலும் பிள்ளைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள்.

சில வாரங்கள்தாம். இடி விழுந்தது! அமெரிக்காவில் ஒரு கம்பெனி தயாரித்த மருந்தில் நோய்க்கிருமி உயிரோடு இருந்துவிட்டது. அதனால் ஏறக்குறைய 200 பேருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. பத்துப் பேர் இறந்தார்கள். மே மாதம் அமெரிக்கா ஊசியை நிறுத்தியது. கனடா என்ன செய்வது? அண்டை வீட்டுக்காரனே நிறுத்திவிட்டான். நாமும் நிறுத்திவிடுவோம் என்பது சுலபமான வழி. நிறுத்தினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் கோடை நெருங்குகிறது. ஊசி போடாத பிள்ளைகள் நோயிடம் மாட்டுவார்கள். தொடர்ந்து போட்டு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், பழி முழுவதும் அமைச்சர் தலையில்தான் விழும்.

மார்ட்டின் விஞ்ஞானிகளைக் கேட்டார். கனடாவின் மருந்து டொராண்டோவிலிருந்த கானாட் ஆய்வுக்கூடத்தில் தயாரானது. அங்கே ஒரு தடவை, அரசாங்கச் சோதனைக்கூடத்தில் மறுபடி ஒரு தடவை என்று ஒவ்வொரு தொகுதி மருந்தையும் இரட்டைச் சோதனை செய்திருந்தார்கள். அந்தச் சோதனையை நம்பினார். ஊசி நிற்காது என்று முடிவு செய்தார். கனடா மருந்தால் ஒரு பிள்ளைக்கும் வாதம் வரவில்லை. தடுப்பூசிமீது உலகத்துக்கு நம்பிக்கை திரும்பியதில் அந்த முடிவுக்கும் பங்கு உண்டு.

நோயின் வலியைத் தன் உடம்பிலும் தன் பிள்ளை உடம்பிலும் கண்டவர் அவர். அவர் பயந்திருந்தால் யார் தப்பென்று சொல்லுவார்கள்? பயத்தையும் பாசத்தையும் ஒதுக்கிவைத்து, ஆதாரம் எது என்று பார்த்தாரே, அதுதான் பெரிய மனசு!

உலக அரங்கில்

அதே 1955-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. உன் ஆளைச் சேர்த்தால் என் ஆளையும் சேர் என்று அமெரிக்காவும் ரஷ்யாவும் முரண்டு பிடித்ததால், பல நாடுகள் வாசலிலேயே காத்துக் கிடந்தன. கனடாக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின், எல்லாரையும் மொத்தமாகச் சேர்த்துவிடலாம் என்ற யோசனையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழுவாகப் போய்ப் பேசினார். அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் டிசம்பர் 14-ஆம் தேதி 16 நாடுகள் உள்ளே நுழைந்தன. சிலோன், நேபாளம், கம்போடியா, லாவோஸ் எல்லாம் அப்படி வந்தவைதாம்.

1963 முதல் 1968 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். 1964-இல் சைப்ரஸ் தீவில் கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கொண்டபோது, அமைதிப் படை சேர்க்க நாடு நாடாகத் தொலைபேசியில் பேசியவர் அவர். வியட்நாம் போரை நிறுத்த 1966-இல் செஸ்டர் ரானிங் என்ற அனுபவசாலியை இரண்டு தடவை ஹனோய்க்கு அனுப்பினார்; பலன் கிடைக்கவில்லை. அமெரிக்காவை அவர் உரக்கக் கண்டிக்கவில்லை என்று சொந்த நாட்டிலேயே பலர் குறை சொன்னார்கள். அதுவும் உண்மைதான்.

எட்டாத நாற்காலி

1958-இல் கட்சித் தலைமைக்கு நின்றார். லெஸ்டர் பியர்சனுக்கு 1,074 ஓட்டு, இவருக்கு 305. பத்தாண்டு கழித்து 1968-இல் மறுபடி நின்றார். முதல் சுற்றில் ட்ரூடோவுக்கு 752. மார்ட்டினுக்கு வெறும் 277. காலம் மாறிவிட்டது, மக்கள் புது முகம் கேட்டார்கள். அவருக்கோ அப்போது 64 வயது. விலகிக்கொண்டார்.

வேறொருவராக இருந்தால் வீட்டில் போய் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். மார்ட்டின், தன்னைத் தோற்கடித்த ட்ரூடோவின் கீழேயே வேலை செய்தார். 1968-இல் செனட் எனப்படும் மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1974 வரை அங்கே அரசாங்கத் தரப்புத் தலைவராக இருந்தார். பிறகு 1979 வரை லண்டனில் கனடாவின் ஹைகமிஷனர். காமன்வெல்த் நாடுகளுக்குள் தூதருக்கு அதுதான் பேர். ஓய்வுபெற்று வின்ட்சருக்கே திரும்பி, தன் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். 1992 செப்டம்பர் 14-ஆம் தேதி, 89-ஆவது வயதில், அந்த ஊரிலேயே கண் மூடினார்.

கதை அத்தோடு முடியவில்லை. வாதத்திலிருந்து பிழைத்த அந்தப் பையன் இருக்கிறானே, அவன் வளர்ந்து 2003 டிசம்பரில் கனடாவின் பிரதமரானான். 2006 வரை இருந்தான். அப்பாவுக்கு எட்டாத நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்தான். பார்க்கத்தான் அப்பா இல்லை.

ஆனால் சொந்தங்களே, பிள்ளை பிரதமரானதால்தான் அப்பா ஜெயித்தார் என்று நாம் கணக்கு முடித்துவிடலாகாது. கையில் பத்திரம் வாங்கிய உக்ரேன் கிழவர், மாதம் 40 வெள்ளி வாங்கிய பாட்டி, ஊசி போட்டுக்கொண்டு ஓடி விளையாடிய பிள்ளைகள் என்று இவர்களையெல்லாம் எண்ணிப் பாருங்கள். அவர் நாற்காலி தேடினார், கிடைக்கவில்லை. ஜனங்களுக்கு வேலை செய்தார், அது நின்றது.

நம் தோட்டத்துச் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ தேர்தலில் தோற்றுவிட்டு மூலையில் ஒதுங்கியிருப்பவர் யாராவது இருந்தால், இன்று சாயங்காலம் அவருக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள்.