கால்பந்து ஆசான் ரஹீம்

மட்டாஞ்சேரிக்கு அருகில் உள்ள ஃபோர்ட் கொச்சியின் பரேடு திடலில் மாலை வேளைகளில் சிறுவர்கள் பந்து விளையாடுவதைக் காணலாம். பிரேசில் நாட்டின் மஞ்சள் சட்டையை அணிந்து ஆடுவோரும் அவர்களுள் உண்டு. உலகக் கால்பந்து வீரர்களின் பெயர்களை அவர்கள் வரிசையாகச் சொல்வர். ஆயினும், நம் நாட்டுக் கால்பந்தை ஆசியாவின் உச்சியில் அமர்த்திய பள்ளி ஆசிரியர் ஒருவரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் சையது அப்துல் ரஹீம்.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பின்னர் உடற்கல்வியும் பயின்றார். 1950ஆம் ஆண்டு ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளர் ஆனார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அவரது பயிற்சி முறை புதுமையானது. பந்தை ஒரே தொடுதலில் அடுத்தவருக்கு அனுப்பி ஆடும் போட்டிகளையும், பழகாத காலால் மட்டுமே உதைத்து ஆடும் போட்டிகளையும் அவர் நடத்தினார். ஒருவரது தனித்திறமையைவிடப் பதினொருவரின் ஒற்றுமையே வெற்றி தரும் என்பது அவரது கொள்கை.

இந்திய அணிக்கும் ரஹீமே பயிற்சியாளர் ஆனார். 1951ஆம் ஆண்டு புது தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் இந்தியா 1–0 என ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டே பெருந்தோல்வி வந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிர் மிகுந்த களத்தில் நம் வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். யுகோஸ்லாவியா 10–1 என வென்றது. ரஹீம் மனம் தளரவில்லை. தோல்வியைப் பாடமாகக் கொண்டார். அதன்பின் இந்திய வீரர்கள் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4–2 என ஆஸ்திரேலியாவை வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்னும் பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் மீண்டும் யுகோஸ்லாவியாவே எதிர்நின்றது. இம்முறை முதல் கோலை இந்தியாவே அடித்தது. முடிவில் 1–4 எனத் தோற்றபோதிலும், நான்கு ஆண்டு உழைப்பின் பயனை உலகம் கண்டது. இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது ரஹீம் நோயால் நலிந்திருந்தார். முதல் ஆட்டத்தில் இந்தியா 0–2 எனத் தென்கொரியாவிடம் தோற்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. ரஹீம் அவரைத் தடுப்பிலிருந்து மாற்றி முன்களத்தில் ஆடச் செய்தார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரணி. அரங்கில் கூடிய பெருங்கூட்டமோ இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தது. பி.கே.பானர்ஜி ஒரு கோலும், காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். மதராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றிய பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்த ஓ.சந்திரசேகரன் தடுப்பில் நின்றார். இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரஹீம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அவர் வென்று தந்த அந்தத் தங்கத்திற்குப் பின், ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு மற்றொரு தங்கம் இன்றுவரை கிட்டவில்லை. மொழியும் ஊரும் வேறான இளைஞர்களை ஓர் அணியாக்கியதே அந்த ஆசிரியர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

அருஞ்சொற்பொருள்
நலிந்து – மெலிந்து
ஆரவாரித்தல் – பேரொலி எழுப்புதல்
கிட்டுதல் – கிடைத்தல்

வினாக்கள்
1. ரஹீமின் பயிற்சி முறைகள் யாவை?
2. ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின் ஏற்பட்ட மாற்றம் யாது?
3. காயமுற்ற ஜர்னைல் சிங்கை ரஹீம் எவ்வாறு பயன்படுத்தினார்?
4. உங்கள் பகுதியில் விளையாட்டுக் கற்பிக்கும் ஒருவரைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.