திலகர் திருநாள்

ஜூலை மாதம் 23-ந் தேதி லோகமான்ய பாலகங்காதர திலகர் பிறந்த நாள். ஆகஸ்டு 1-ந் தேதி அவர் மறைந்த நாள். இவ்விரு தினங்களிலும் தேசத்தார் அவர் படத்துக்கு மாலை சூட்டி வணங்குவது வழக்கம். இவற்றோடு ஜூலை 22-ந் தேதியையும் நாம் மறத்தலாகாது. 1908-ஆம் வருஷம் அன்றிரவுதான், தமது பத்திரிகையில் எழுதிய எழுத்துக்காக, பம்பாய் ஹைகோர்ட்டில் அவருக்கு 6 வருஷ தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. மறுநாள் பொழுது விடிந்தபோது அவருக்கு 52 வயது பூர்த்தியாயிற்று. வேறெவருக்கும் பிறந்தநாட் பரிசு இவ்வாறு வாய்த்திராது.

1856-ல் ரத்னகிரி ஜில்லாவில் பிறந்த திலகர், கணிதத்தில் வல்லவர்; சட்டமும் பயின்றவர். உத்தியோகத்தை நாடியிருப்பின் உயர்பதவி எளிதில் கிட்டியிருக்கும். அவரோ சிப்ளூண்கர், அகர்கர் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து 1880-ல் பூனாவில் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். மறுவருஷமே மராத்தியில் ‘கேசரி’யும் ஆங்கிலத்தில் ‘மராட்டா’வும் தோன்றின. பத்திரிகைகள் பிறந்து இரண்டு வருஷம் நிறையுமுன், கோலாப்பூர் திவானைப் பற்றிய அவதூறு வழக்கில் திலகரும் அகர்கரும் 4 மாதச் சிறைவாசம் பெற்றனர். பத்திராதிபரின் ஆசனத்துக்கும் சிறைக்கூடத்துக்கும் உள்ள தூரம் அதிகமில்லை என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

1893-ல் கணபதி விழாவையும், 1896-ல் சிவாஜி விழாவையும் பொதுஜனங்களின் விழாக்களாக அவர் ஆக்கினார். மகாஜனங்கள் மனு எழுதும் சபைகளுக்கு வாராவிடின், மகாஜனங்கள் கூடும் இடத்துக்கு அரசியல் செல்லவேண்டும் என்பதே அவர் கண்ட வழி. 1897-ல் பூனாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில் பிளேக் கமிஷனர் ராண்ட் கொல்லப்பட்டதை அடுத்து, ‘கேசரி’யில் வெளிவந்த எழுத்துக்களுக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று 18 மாதச் சிறைத்தண்டனை அடைந்தார்.

பெரியாரைப் புகழ்வதென்பது அவருடைய குறைகளை மறைப்பதாகாது. 1891-ல் பெண்களின் சம்மத வயதை 10-லிருந்து 12-க்கு உயர்த்திய மசோதாவைத் திலகர் எதிர்த்தார். அந்நிய அரசாங்கம் நமது சமூக ஆசாரங்களில் தலையிடலாகாது என்பது அவர் வாதம். ஆயினும் இவ்விஷயத்தில் நியாயம் சீர்திருத்தக்காரரான அகர்கரின் பக்கமே இருந்தது. இதனைச் சொல்வதால் திலகரின் பெருமை குன்றாது.

1905-ல் வங்காளப் பிரிவினைக்குப்பின் எழுந்த சுதேசியக் கிளர்ச்சியில் தீவிரக் கட்சியின் தலைவராக அவர் விளங்கினார். 1907-ல் சூரத் காங்கிரஸுக்குச் சென்று அவர் பக்கம் நின்ற தமிழர்களில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியும் முக்கியமானவர்கள். 1908 ஜூலை 7-ந் தேதி சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் இரட்டை ஆயுள் சிக்ஷை. 15 நாட்களுக்குப்பின் திலகருக்குப் பம்பாயில் சிக்ஷை. தாமிரபரணிக் கரையிலும் மேல்கடற்கரையிலும் ஒரே மாதத்தில் ஒரே அடக்குமுறை தன் வேலையைச் செய்தது.

முஸாபர்பூர் வெடிகுண்டு நிகழ்ச்சியைப் பற்றிய கட்டுரைகளே திலகர்மீது வழக்குக்குக் காரணம். வெடிகுண்டுக்கு மூலகாரணம் அடக்குமுறை ஆட்சியே என்று அவர் எழுதியிருந்தார். 1897-ல் அவருக்கு ஜாமீன் பெறுவதற்காக வாதாடிய தாவரே இப்போது நீதிபதி. ஜூரர் 9 பேரில் 7 பேர் குற்றவாளி என்றனர். இந்தியர் இருவர் மட்டும் மறுத்தனர். தீர்ப்பைக் கேட்ட பம்பாய் மில் தொழிலாளர்கள், வருஷத்துக்கு ஒரு நாளாக, 6 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ‘லோகமான்யர்’ என்ற பட்டத்தின் பொருளை அவர்களே விளக்கிவிட்டார்கள்.

பர்மாவிலுள்ள மாந்தலேச் சிறையில் அவர் பென்சிலால் எழுதிய நூலே ‘கீதா ரகஸ்யம்’. சிறையிலிருக்கையில் 1912-ல் மனைவியார் காலமானார். 1914-ல் விடுதலையடைந்த திலகர் சோர்ந்து அமரவில்லை. 1916-ல் ஹோம்ரூல் இயக்கத்தை ஆரம்பித்தார். அவ்வருஷமே லக்ஷ்மணபுரியில் காங்கிரஸும் முஸ்லிம் லீகும் உடன்படிக்கை செய்துகொள்ள உழைத்தார். 1920 ஆகஸ்டு 1-ந் தேதி பம்பாயில் அவர் உயிர் நீத்தார். அன்றுதான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கமும் தொடங்கிற்று.

திலகரைத் தண்டித்த 124-ஏ பிரிவை 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ந் தேதி பழைய தண்டனைச் சட்டமே நீங்கிற்று. ராஜத்துரோகம் என்ற பெயர் புதிய சட்டத்தில் இல்லை. ஆயினும் தேசத்தின் ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிக்கும் சொல்லையும் எழுத்தையும் தண்டிக்கும் 152-ஆம் பிரிவு இருக்கின்றது. தேசத்துக்குத் தீங்கு செய்வது வேறு. ஆட்சியைக் கண்டிப்பது வேறு. அன்று இவ்விரண்டையும் ஒன்றாக்கியே திலகரை மாந்தலேக்கு அனுப்பினார்கள். ஆள்வோர் யாவராயினும் அவ்வேறுபாடு மறையாமல் காப்பது எழுதுவோர், படிப்போர் இருசாராரின் கடமையாம். மாலை சூட்டும் அன்பர்கள் ஜூலை 22-ஐயும் நினைவில் வைப்பார்களாக.