பிடி அரிசிப் பள்ளியில் படித்த பையன்... மதியச் சோறு போட்ட முதல்வர்!

விடியற்காலையில் ராசிங்காபுரம் பக்கம் போயிருக்கீங்களா? இருட்டு விலகுவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறி நெருக்கியடித்து உட்காருவார்கள். போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத் தோட்டங்களில் வேலை. சாயங்காலம்தான் திரும்புவார்கள். அம்மா கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை, தானாக எழுந்து பள்ளிக்கூடம் போகணும். பானையில் ஏதாவது இருந்தா சாப்பாடு, இல்லைன்னா வெறும் வயிறுதான்.

இந்தப் பிள்ளையைப் பற்றி யோசித்த ஒரு மனிதரைத்தான் இப்போ சொல்லப் போறேன். காமராஜரை உங்களுக்குத் தெரியும். ஆனால், அவர் படித்த பள்ளிக்கூடம் எப்படி நடந்தது தெரியுமா?

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தவர். ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். அங்கிருந்த சத்திரிய வித்யாசாலையை நடத்த ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியை விற்ற காசும் பள்ளியை நடத்தியது. பிடியரிசித் திட்டம் என்பார்கள். சின்ன காமராஜர் அங்கே படித்தவர். அப்பா குமாரசாமி இறந்தபோது பையனுக்கு 6 வயது. அம்மா சிவகாமி அம்மாள் எவ்வளவோ முயன்றும் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோச்சு. அதற்குப் பிறகு மாமாவின் துணிக்கடையில் வேலை.

சுதந்திரப் போராட்டம், சிறை, காங்கிரஸ் தலைமை... அதெல்லாம் நீங்க படித்ததுதான். நேராக 1954-க்கு வருவோம். ஏப்ரலில் முதலமைச்சர் ஆகிறார். பாதி நாள் பாடம், மீதி நேரம் குடும்பத் தொழில் என்றிருந்த கல்வித் திட்டத்தைக் கைவிடுகிறார். ஊர் ஊராக ஆரம்பப் பள்ளி திறக்கிறார்கள். ஆனால், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் வரவில்லை.

சுற்றுப்பயணத்தில் மாடு மேய்க்கும் ஒரு சிறுவனைப் பார்த்து, ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு காமராஜர் கேட்டதாகவும், போனா சோறு யார் போடுவாங்கன்னு அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. ஊருக்கு ஊர் வேறு வேறு மாதிரி சொல்வார்கள். எப்படியிருந்தாலும், அந்தக் கேள்வி பொய்யில்லை. மாடு மேய்த்தால் அன்னைக்குக் கஞ்சி கிடைக்கும், பள்ளிக்கூடம் போனா அதுவும் கிடையாது.

பள்ளியில் சோறு போடுவதை அவரே கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது சரியில்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சியில் சர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியிருந்தார். அது நீடிக்கவில்லை. மாநிலம் முழுக்கக் கொண்டுபோகணும் என்றபோது வந்த முதல் கேள்வி, பணத்துக்கு எங்கே போறது? தேவைப்பட்டா ஊர் ஊராகக் கையேந்தவும் தயார் என்றாராம் காமராஜர். பிடியரிசியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதில் கூச்சம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பக்கபலமாக நின்றார். அரசு ஒரு பங்கு கொடுக்க, ஊர்க்காரர்களும் தங்கள் பங்காகப் பணமும் தானியமும் காய்கறியும் கொடுத்தார்கள். பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று ஊரே கொண்டுவந்து கொடுத்தது. 1961-லிருந்து கேர் நிறுவனம் வழியாக அமெரிக்கப் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. கோதுமை உப்புமா சாப்பிட்ட கதையை உங்க தாத்தாவிடம் கேட்டுப்பாருங்க, முகம் சுளித்துக்கொண்டே சிரிப்பார்!

குறை இல்லாமல் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. ஊர் கை கொடுத்த இடத்தில் நன்றாக நடந்தது, கொடுக்காத இடத்தில் தள்ளாடியது. 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவாக விரித்த பிறகுதான் அரசே முழுப் பொறுப்பு ஏற்றது.

ஆனால், ஒரு விஷயம் கவனிச்சீங்களா? இன்றைக்குக் குடற்புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கண் பரிசோதனை எல்லாமே பள்ளிக்கூடம் தேடி வருது. பிள்ளை வகுப்பில் இருந்தால்தானே கொடுக்க முடியும்? அவங்களை அங்கே உட்கார வைத்தது அந்தத் தட்டுதான்.

மிச்சமிருந்தது காலைப் பசி. மதிய மணி அடிக்கும்வரை வெறும் வயிற்றோடு இருக்கிற பிள்ளைக்கு வாய்ப்பாடு எப்படி ஏறும்? 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அதை நீட்டித்த தேதி, 2024 ஜூலை 15. காமராஜர் பிறந்தநாள்.

1975 அக்டோபர் 2-ல் அவர் இறந்தார். இப்போ ராசிங்காபுரத்தில் ஜீப் ஏறுகிற அம்மா மலை மேலே களை எடுத்துக்கொண்டிருக்கும்போது, கீழே பள்ளிக்கூடத்தில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடா தட்டில் விழும்.