மூன்று முறை தட்டப்பட்ட கதவு



யூபிலி மலர்களில் நம் குருக்களையும் கன்னியரையும் நினைவுகூருவது வழக்கம். இங்கே நம் திருச்சபையைச் சாராத ஒரு பெண்மணியை நினைக்க விரும்புகிறேன். நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் அவர் தொடங்கிய மருத்துவமனையில் பிறந்தவர்கள். நோயில்பூசுதல் அளிக்க நானும் அதன் படிகளில் பலமுறை ஏறியிருக்கிறேன். ஆயினும் வேலூர் ஆஸ்பத்திரியை அறிந்த அளவுக்கு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை நாம் அறிந்திருக்கிறோமா?

அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-இல் மனைவியுடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தார். 1836-இல் சென்னைக்கு மாறினார். அவருடைய புதல்வர்கள் 1853-இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர்.

அக்காலத்து வெள்ளையர் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். உயர்ந்த மதில், அகன்ற தாழ்வாரம், ஆளிழுக்கும் பங்கா, சமையற்காரர், ஆயா, கோடையில் மலைவாசம். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது சுகவாழ்வு. உள்ளேயோ பிரிவுத் துயரம் குடியிருந்தது. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியான பிள்ளைகள் பலர். எஞ்சியவர்களைப் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, கடிதங்களை எதிர்பார்த்தே பெற்றோர் காலம் கழித்தனர்.

இத்தகைய ஓர் இல்லத்தில், 1870 டிசம்பர் 9-ஆம் நாள், இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண். 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தில், தானாக உண்ணவும் வலுவற்ற குழந்தைகளின் வாயில் அச்சிறுமி ரொட்டித் துண்டுகளை ஊட்டினார். 1878-இல் குடும்பம் அமெரிக்கா சென்றது. பின்னர் தந்தையும் தாயும் ஒருவர்பின் ஒருவராக இந்தியா திரும்ப, ஐடா உறவினரிடம் விடப்பட்டார். அந்தப் புண் எளிதில் ஆறவில்லை. மிஷன் வாழ்வே தமக்கு வேண்டாம் என்று அவர் உறுதிகொண்டார்.

1890-இல் தாய் நோயுற்றதால் திண்டிவனம் வந்தார். சில காலம் உதவிவிட்டுத் திரும்புவதே எண்ணம். ஒரு நாள் இரவு பங்களாவின் கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர், பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காக்க வருமாறு வேண்டினார். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லும்படி ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கமில்லை என்று அவர் வருந்தித் திரும்பினார். அதே இரவில் ஒரு முஸ்லிம் அன்பரும், அவருக்குப் பின் ஒரு முதலியாரும் இதே வேண்டுதலோடு வந்தனர். இதே மறுமொழியோடு திரும்பினர். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று இளம்பெண்களும் இறந்துபோயினர்.

செல்லக்கூடிய தந்தைக்கு அனுமதி இல்லை. அனுமதி பெற்ற மகளுக்கோ மருத்துவம் தெரியாது. இந்த இடைவெளியில் மூன்று உயிர்கள் போயின. அந்த இடைவெளியை அடைக்கவே ஐடா தம் வாழ்வைக் கொடுத்தார்.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூர் திரும்பினார். அவ்வாண்டே தந்தை காலமானார். துணையின்றி நின்ற மகள், பங்களாவின் ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். ஷெல் என்னும் அமெரிக்கச் செல்வர் அளித்த பத்தாயிரம் டாலரால், 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களைத் தேடி அம்மையாரே புறப்பட்டார். குடியாத்தம் சாலையில், மர நிழலில் நோயாளிகள் காத்திருந்தனர். மாட்டு வண்டிக்குப் பின் மோட்டார் வந்தபோது, மக்கள் அதைப் பேயென்று அஞ்சி ஓடினார்களாம்!

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு பெண்களாவது சேர்வார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். 151 விண்ணப்பங்கள் வந்தன! அன்று உதவிக்கு வழியின்றி இறந்த பெண்களின் நாட்டிலேயே, பெண்கள் மருத்துவராகிப் பெண்களைக் காத்தனர். 1947 முதல் ஆண்களும் அக்கல்லூரியில் சேர்ந்தனர். 1960 மே மாதம், தம் 89-ஆம் வயதில், அம்மையார் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, மதில் பங்களாவுக்கு மட்டும் உரியதன்று. ஆலயத்துக்கும் மதில் உண்டு. தெருவுக்கும் சாதிக்கும் உண்டு. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கைகால் வெந்தவரும், ஷூ கம்பெனியில் நாள் முழுதும் தைத்துக் களைத்த சகோதரியும் நம் கதவைத் தட்டுகிறார்கள். அது நம் செவியில் விழுகிறதா? தட்டும் ஓசை கேட்டும் எழ மனமில்லாத இரவுகள் எனக்கும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

ஐடா அம்மையாரும் முதல் இரவில் செல்லவில்லை, செல்லவும் இயலவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்த மேள ஓசையை மறந்துவிடவும் இல்லை. தவறிய இரவுகளுக்குப் பின்னும் இறைவன் நமக்கு ஒரு காலையைத் தருகிறார். இந்த யூபிலி நமக்கு அத்தகைய காலையாக அமைவதாக!