எண்ணும்மை சேர்த்த நல்லையா

சொற்களைச் சமநிலையில் ஒருங்கு நிறுத்துவது எண்ணும்மை. இலக்கண வகுப்பில் நாம் எளிதிற் கடந்து செல்லும் அச்சிற்றிடைச்சொல்லை ஒரு நாட்டின் சட்டமன்றத்திலே நிலைநாட்ட முயன்றவர் வ. நல்லையா.

1909ஆம் ஆண்டு பிறந்த அன்னார் ஆசிரியராய்ப் பணிபுரிந்தவர். அவரை அரசியலுக்கு ஈர்த்தது போர்க்காலம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அவ்வாண்டின் இறுதியிலே கொழும்பு அரசாங்க சபையிலும் மாற்றங்கள் நேர்ந்தன. உள்நாட்டு அமைச்சராயிருந்த சேர் பாரன் ஜயதிலக்கா, இந்தியாவில் இலங்கைப் பிரதிநிதியாக நியமனம் பெற்றுப் பதவி துறந்தார். அவர் வகித்த அமைச்சு யாழ்ப்பாண உறுப்பினர் அருணாசலம் மகாதேவாவிடம் சென்றது. அவர் நீங்கிய களனித் தொகுதியின் இடைத்தேர்தலில் 1943இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா வென்றார். அதே ஆண்டில் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியும் வெறுமையுற்றது. துறைமுகத்தையும் வாவிக்கரையையும் ஒன்றாய் இணைத்த அப்பரந்த தொகுதியின் இடைத்தேர்தலில் மக்கள் நல்லையாவைத் தெரிந்தெடுத்தனர்.

இடைத்தேர்தலின் வாயிலாக ஓராண்டிற் புகுந்த இவ்விருவரும் 1944 மே மாதத்தில் ஒரு பொருள்பற்றி எதிரெதிர் நின்றனர். ஆங்கிலத்தை நீக்கிச் சிங்களத்தை அரசகரும மொழியாக்கல் வேண்டும் என்னும் பிரேரணையை ஜயவர்த்தனா கொணர்ந்தார். தமிழையும் அதனோடு சேர்த்தல் வேண்டுமென நல்லையா திருத்தம் மொழிந்தார். சிங்களத்தை அவர் மறுத்தாரில்லை. அதனருகே தமிழுக்கும் இடங்கேட்டார். ஜயவர்த்தனாவும் இணங்கினார். திருத்தம் பெற்ற பிரேரணை 27 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்தவை 2 வாக்குகளே.

1947இல் நல்லையா கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். கல்வியை அவர் மறந்தாரல்லர். வந்தாறுமூலையில் மத்திய கல்லூரி எழுவதற்கு அவரே உழைத்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வாயிலைத் திறந்த அவ்விடத்திலேதான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது.

ஆயினும் 1944இல் சேர்ந்த உம்மை நிலைக்கவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கிற்று. அதனால் விளைந்த பிணக்கும் துயரும் யாவரும் அறிந்தனவே. 1976இல் நல்லையா காலமானார். 1987இல், ஜயவர்த்தனா குடியரசுத் தலைவராயிருந்த காலத்தே, அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனால் அஃது எண்ணும்மையன்று. முன்னொன்று இருக்கப் பின்னொன்றைத் தழுவும் எச்சவும்மையே. ஏற்கெனவே 27 பேர் உடன்பட்ட ஒரு நீதிக்கு இந்நாடு நாற்பத்து மூன்று ஆண்டுகள் சுற்றிவந்தது. அவ்வழியிற் சிந்திய குருதியை எண்ணுவோர்க்கு, ஓர் ஆசிரியர் சபையிற் சேர்த்த சிறுசொல்லின் விலை விளங்கும்.